பழைய டயல் போனின் உள்ளுறுப்புகளைக் கழற்ற வேண்டியதில்லை

மதுரை திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய கறுப்பு டயல் போன் ஃபைபர் இணைப்பில் வேலையே செய்யாது என்றும், உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிய சர்க்யூட் போர்டு பொருத்த வேண்டும் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதை நம்பிப் பகிர்ந்திருப்பதால், பணிவுடன் ஒரு திருத்தம்.

தொலைபேசிச் சேவை உள்ள ஃபைபர் மோடத்தின் பின்புறத்தில் உள்ள தொலைபேசித் துளை, பழைய செம்புக் கம்பியைப் போலவே, இரண்டு கம்பிகளில் நேர்மின்னழுத்தத்தையும் (DC), அழைப்பு வரும்போது மணியடிக்கும் மாறுமின்னழுத்தத்தையும் (AC) தருகிறது. ஆகவே நல்ல நிலையிலுள்ள போனில் பேசவும் கேட்கவும் பொதுவாகத் தடையில்லை. சிக்கல் எண்ணைச் சுழற்றுவதில்தான். 5-ஐச் சுழற்றி விட்டால், டயல் திரும்பி வரும்போது, நொடிக்குச் சுமார் 10 முறை என்ற வேகத்தில், இணைப்பை 5 முறை துண்டித்துச் சேர்க்கிறது. 0 என்றால் 10 முறை. பட்டன் போன்கள் ஒவ்வோர் எண்ணுக்கும் எழுப்பும் ஒலியை, அதாவது டோனை, மட்டுமே அறியும் மோடங்களுக்கு இந்தத் துடிப்பு புரியாது. துடிப்பை டோனாக மாற்றும் சிறு கருவியை இடையில் இணைத்தால் அதுவும் தீரும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ரிசீவரை எடுத்ததும் டயல் டோன் கேட்கிறதா, கைபேசியிலிருந்து அழைத்தால் மணி அடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஓர் எண்ணைச் சுழற்றுங்கள்: டயல் டோன் நின்றால் மோடம் துடிப்பை ஏற்கிறது, தொடர்ந்து ஒலித்தால் ஏற்கவில்லை. மணியடிக்கும் மின்னழுத்தம் கையில் அதிர்ச்சி தரும் என்பதால், கம்பி மாட்டும்போது மோடத்தை அணைத்துவிடுங்கள். பிய்த்தெடுத்த பித்தளை மணிகளை மீண்டும் தேடிப் பிடிப்பது கடினம். தயவுசெய்து ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.