அவளைக் கேட்டீங்களா?

“பாவம், வாய் பேசாத பிள்ளை. வெளியே தெரியாம பேசி முடிச்சிடுவோம்.” வீட்டில் அடிவாங்கிய, பேச முடியாத ஒரு மனைவியைப் பற்றிய இந்தக் குரல் பதிவு முந்தாநாளிலிருந்து நம் பினாங்கு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பேசியவர் யாரென்று உங்களுக்கே தெரியும், நான் வேறு பெயர் சொல்லிப் பெரியாளாக்க வேண்டாம். மாமியாரின் கண்ணீர் வருகிறது, மாப்பிள்ளையின் வேலை வருகிறது, கோயில் கமிட்டியின் மானம்கூட வருகிறது. அவளைக் கேட்டேன் என்று மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

“பேசத் தெரியாதவளை எப்படிம்மா கேட்கிறது?” என்கிறார் ஒரு அண்ணன். அண்ணே, மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 119ஆம் பிரிவைப் படியுங்கள். பேச முடியாதவர் எழுதியோ சைகையாலோ கோர்ட்டில் சாட்சி சொல்லலாம், அதுவும் வாய்மொழிச் சாட்சிதான். மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் வாங்குவதற்கு, முன்பே இது புரிந்திருக்கிறது. 2010இல் மலேசியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவோ, வீட்டுக்குள் விழும் அடியிலிருந்தும் அரசு காப்பாற்ற வேண்டும் என்கிறது. என்ன, நம் 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மீறினால் தண்டனை என்று எழுத மறந்துவிட்டார்கள். நல்லெண்ணத்தோடு செய்த தவறுக்கு அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்று 41ஆம் பிரிவில் எழுத மட்டும் மறக்கவில்லை. நல்லெண்ணம்! அந்தக் குரல் பதிவு முழுக்க அதுதானே வழிகிறது.

என் சின்னம்மாவுக்குக் காது கேட்காது. பினாங்கின் பிறை வட்டாரத்தில் ஃப்ளாட் வீடு. வலது கை முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, போனோம், சித்தப்பாவும் கூடவே வந்தார். என்ன நடந்தது என்று அங்கே கேட்டது சித்தப்பாவிடம். “பாத்ரூம்ல வழுக்கிட்டா” என்று அவரே மொழிபெயர்த்தார். கைதான் சின்னம்மாவுக்கு வாய். இடது கையை மட்டும் ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். யாரும் பார்க்கவில்லை.

ஆம்பளைக்கும் அடி விழுகிறது என்பவர்களுக்கு: சரி, அவரையும் கேளுங்கள். “வெளியே வந்தா சோறு யார் போடுவா?” என்கிற கேள்விதான் என்னைச் சுடுகிறது, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவளுடைய ஓகேயு (மாற்றுத்திறனாளி) உதவித்தொகை யார் கைக்குப் போகிறது, ஏடிஎம் கார்டு யார் பையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்து சோற்றைப் பற்றிப் பேசுங்கள். அதையும் அவளிடமே கேளுங்கள்.

கல்யாணம் ஆகாதவளுக்குக் குடும்பத்தைப் பற்றி என்ன தெரியும் என்று இன்பாக்ஸில் எழுதியவரே, தெரியும். அன்றைக்கு எனக்குப் பதினாறு வயது. சின்னம்மாவின் சைகை அந்த அறையில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.