விண்டோஸை அழிக்க அவசரப்படாதேங்கோ

"லப்டொப்பில விண்டோஸை அழிச்சுப்போட்டு லினக்ஸைப் போடுங்கோ, எல்லாக் கேமும் ஓடும்" எண்டு ஒரு கட்டுரையில கிடக்கு. அரைவாசிதான் சரி. 2018இல வால்வ் கொம்பனி விட்ட புரோட்டோன் (விண்டோஸ் கேமை லினக்ஸில ஓட வைக்கிற மென்பொருள்) வந்தாப்பிறகு ஸ்டீம் எண்ட கேம் கடையில இருக்கிற கனக்க விண்டோஸ் கேம் லினக்ஸிலயும் ஓடுது, பொய்யில்லை. ஆனா வீட்டில பெடியள் கேக்கிறது வலரன்ற் கேம். அதின்ர வான்கார்ட் (கள்ள விளையாட்டைத் தடுக்கிற மென்பொருள்) லினக்ஸில வேலை செய்யாது, அதால கேமும் ஓடாது. அப்ப ரெண்டையும் வைச்சிருக்கத்தான் வேணும்.

முதல் வேலையா விண்டோஸில ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (கெதியாத் தொடங்க வைக்கிற வசதி) நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி ஷட்டவுன் பண்ணினாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில கிடக்கும்; லினக்ஸுக்குள்ள போய் விண்டோஸ் டிரைவைத் திறந்தா வாசிக்கலாம், எழுத விடாது. செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடுற பாதுகாப்பு) நிப்பாட்டச் சொல்லி ஆரும் சொன்னாக் கேக்காதேங்கோ, விண்டோஸ் 11இல வான்கார்டுக்கு அது வேணும். உபுண்டு எண்ட லினக்ஸ் வகை அதோடயே பூட் ஆகும். பிட்லொக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) இருந்தா 48 இலக்க மீட்புச் சாவியை முதலே கொப்பியில எழுதி வையுங்கோ.

இன்னொண்டு, பற்றரி செத்த லப்டொப்பில டிரைவைப் பங்கு (பார்ட்டிஷன்) பிரிக்க வெளிக்கிடாதேங்கோ. யாழ்ப்பாணத்தில கரண்ட் எப்ப போகும் எண்டு ஆருக்குத் தெரியும்? ரெண்டாவது எஸ்எஸ்டி டிரைவ் பூட்ட இடமிருந்தா லினக்ஸை அதில போடுங்கோ, விண்டோஸ் டிரைவில கை வைக்கவே தேவையில்லை.