வரி கேட்டால் ஏழைக்கு எதிரியா?

செவ்வாய்க்கிழமை என் பதிவின் கீழ் நடந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சர்க்கரையும் உப்பும் மிதமிஞ்சிய பாக்கெட் தின்பண்டங்களுக்குக் கூடுதல் வரி வேண்டும் என்று எழுதியதற்கு, "ஏழை வாயிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்குகிறவர்" என்று ஒருவர் பட்டம் கொடுத்தார். என்னோடு பல ஆண்டுகள் பழகியவர்களும் அதற்கு விருப்பக்குறி இட்டிருந்தார்கள். மறுத்துப் பேசுவது வேறு. இது மனத்தைச் சுட்டது.

நான் சொன்னதை மறுபடியும் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் குளிர்பானத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம், சர்க்கரையே இல்லாத டயட் பானத்துக்கும் அதே 40. பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் 18 சதவீதமாக இருந்தது 5 ஆகிவிட்டது. பாக்கெட் மிக்சருக்கு 12 சதவீதம் இருந்தது. அதுவும் இப்போது 5தான். அதிகம் பதப்படுத்திய உணவுகளுக்குக் கூடுதல் வரியைப் பரிசீலிக்கலாம் என்று மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை சொன்ன அதே ஆண்டில்தான் இந்தக் குறைப்பு வந்தது. ஒரு பொருளில் எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு உப்பு என்று இந்த வரி கேட்பதே இல்லை. அதைக் கேட்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஏழையைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பவர்களுக்கு என் சின்ன மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய்கறி மண்டியில் மூட்டை தூக்கியவர். விடிவதற்குள் லாரி இறக்கிவிட்டு, ஐந்து ரூபாய் கிரீம் பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, டீயில் தோய்த்துத் தின்பார். அதுதான் காலை உணவு. வெயில் ஏறினால் ஒரு குளிர்பானம். சர்க்கரை நோய் வந்தது தெரியாமலே வந்து, காலில் ஆறாத புண்ணாகி, கட்டைவிரலை எடுத்தார்கள். மாத்திரையை அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருகிறார்கள். தூக்க முடியாமல் போன மூட்டைகளுக்கான கூலியை யார் தருவது? அத்தை இப்போது நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார்.

ஏழைக்குத்தான் வரிச்சுமை அதிகம் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. வருமானத்தில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கே போகும் வீட்டில் எந்த விலை உயர்வும் வலிக்கும். ஆனால் மெக்சிகோவில் 2014 ஜனவரியில் சர்க்கரை சேர்த்த பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டபோது, முதல் ஆண்டிலேயே அதை வாங்குவது சராசரியாக 6 சதவீதம் குறைந்தது. வசதி குறைந்த வீடுகளில்தான் அதிகமாகக் குறைந்தது. பிரிட்டனில் 2018 முதல், 100 மில்லிலிட்டர் பானத்தில் 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் வரி என்று அறிவித்ததும், பல நிறுவனங்கள் தாமாகவே சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. யார் வாயிலிருந்தும் யாரும் எதையும் பிடுங்கவில்லை.

கேரளத்தில் இப்படி ஒரு வரி தோற்றதே என்கிறார்கள். 2016இல் அங்கே நிதியமைச்சராக இருந்த தாமஸ் ஐசக் கொண்டுவந்த 14.5 சதவீத வரி பெயர்பெற்ற உணவகங்களின் பீட்சா, பர்கர் வகைகளுக்கு மட்டும்தான். மறு ஆண்டே ஜி.எஸ்.டி. வந்து அது போய்விட்டது. ஓராண்டு கூட முழுதாக ஓடாத ஒன்றைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது? டீக்கடை வடைக்கும் வரியா என்று கேட்டவருக்கு: இல்லை, நான் அப்படி எங்கும் எழுதவில்லை. தின்பது அவரவர் உரிமை என்பவர்கள், பள்ளிக்கு எதிரே பெட்டிக்கடையில் குழந்தையின் கண்மட்டத்தில் சரம்சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளை ஒரு நாள் நின்று பார்க்கட்டும். ஏழு வயதுக் குழந்தையிடம் எந்த உரிமையைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

என்னை வருத்துவது இன்னொன்று. இந்த வரிப்பணம் பொதுக்கணக்கில் கரைந்துவிடாமல் சத்துணவுக்கும் அங்கன்வாடிக்கும் முட்டையாக, பயறாக, பழமாகப் போய்ச் சேர வேண்டும் என்று அந்தப் பதிவின் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தேன். பட்டம் கொடுத்தவரோ விருப்பக்குறி இட்டவர்களோ அந்தப் பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் படித்துவிட்டு, அதன் பிறகும் நான் ஏழைக்கு எதிரி என்று தோன்றினால், காரணத்தோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.