டெஸ்க்டாப் சான்றிதழ் தேர்வு: பெயரை ஒப்பித்தால் போதும், புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாமா?

டெஸ்க்டாப் மென்பொருள் சான்றிதழ் தேர்வுக்குப் படிக்கிற எவருக்கும் இந்த வகைக் கேள்வி பழக்கம்தான். திரையில் இருக்கும் பெட்டியிலிருந்து தரவுக்கு மட்டும் மதிப்பு போக வேண்டும், அங்கிருந்து திரும்பி வரக்கூடாது. எந்த பைண்டிங் மோடு, அதாவது திரையையும் தரவையும் இணைக்கும் முறை? விடைகள் நான்கு: ஒன்வே டு சோர்ஸ், ஒன்வே டு டார்கெட், சோர்ஸ் ஒன்லி, ரிவர்ஸ் ஒன்வே. விண்டோஸ் டெஸ்க்டாப் திரைகளை உருவாக்கும் மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப்-இல் இவற்றில் முதலாவது மட்டும்தான் உண்மையில் இருக்கிறது. மற்ற மூன்றும் கேள்வி எழுதியவரின் கற்பனை.

இந்தக் கேள்விக்குச் சரியாக விடை சொன்னவருக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பெயர் தெரியும். அவ்வளவுதான். நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டூடியோவில் மோடு என்று எழுதி ஒரு சமக்குறி போட்டால் மொத்தப் பட்டியலும் கீழே வந்து விழுகிறது. வேலை செய்யும்போது யாருமே மூளையில் சுமக்காத ஒரு விவரத்தை, வேலைக்குத் தகுதியா என்று பார்க்கிற தேர்வில் கேட்கிறார்கள். மாதிரித் தேர்வுத் தொகுப்புகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இதே கதை. கொதிக்கிறது.

பாடத்திட்டம் மோசம் என்று நான் சொல்லவே இல்லை. பாடத்திட்டம் நன்றாகவே இருக்கிறது. டேட்டா பைண்டிங், ரூட்டட் ஈவன்ட், டிபென்டன்சி ப்ராபர்ட்டி, த்ரெட், நிறுவுதல் என்று ஒவ்வொன்றும் ஒரு டெஸ்க்டாப் புரோகிராமர் ஆழமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அதனால்தான் இவ்வளவு கோபம். நல்ல பாடத்தை வைத்துக்கொண்டு அதில் இருக்கும் உயிரைப் பிடுங்கிவிட்டு, பெயர்ப் பட்டியலை மட்டும் நம் முன்னால் வைக்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. டெக்ஸ்ட்பாக்ஸில் எழுதுவது எப்போது தரவுக்குப் போய்ச் சேரும்? டபிள்யூபிஎஃப்-இல் இயல்பான அமைப்பு லாஸ்ட்ஃபோகஸ். அதாவது கர்சர் அந்தப் பெட்டியை விட்டு வெளியே போன பிறகுதான் மதிப்பு போகும். தேர்வில் இதை எப்படிக் கேட்பார்கள்? லாஸ்ட்ஃபோகஸ், ப்ராபர்ட்டிசேஞ்ச்ட், எக்ஸ்ப்ளிசிட் என்று வரிசையாகப் போட்டு, இயல்பானது எது என்பார்கள். ஒப்பித்தவர் ஒரு நொடியில் தட்டிவிட்டுப் போவார்.

இதே விஷயம் உண்மையான வேலையில் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒருவர் படிவத்தை நிரப்புகிறார். கடைசிப் பெட்டியில் தொகையை எழுதிவிட்டு, கர்சரை நகர்த்தாமல் கன்ட்ரோல் எஸ் அழுத்துகிறார். சேமித்தாகிவிட்டது என்று திரை சொல்கிறது. திரும்பத் திறந்தால் கடைசிப் பெட்டியில் மட்டும் பழைய தொகை. மற்ற எல்லாப் பெட்டியும் சரியாக இருக்கிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை, லாக் கோப்பிலும் ஒன்றும் இல்லை. கன்ட்ரோல் எஸ் அழுத்தும்போது கர்சர் பெட்டிக்குள்ளேயே இருந்ததால் மதிப்பு தரவுக்குப் போகவே இல்லை. டூல்பாரில் இருக்கும் பொத்தானை மவுஸால் அழுத்தினாலும் இதே வினைதான், ஏனென்றால் டூல்பார் தனக்கென்று ஒரு ஃபோகஸ் எல்லையை வைத்திருக்கிறது. பெட்டி தன் ஃபோகஸை இழந்ததாகவே கணக்கில் வராது. இதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் தரவுத்தளத்தில் போய்த் தேடிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்! இந்தக் காட்சியை அப்படியே கேள்வியாகக் கொடுத்து, ஏன் இப்படி ஆனது, எப்படிச் சரிசெய்வீர்கள் என்று கேட்டால் என்ன குறைந்துபோகும்? அதே பாடம்தான், அதே அரைப் பக்கம்தான். ஆனால் அதற்கு விடை சொல்பவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

டிபென்டன்சி ப்ராபர்ட்டியும் அப்படித்தான். நிறம், அளவு போல, பல இடங்களிலிருந்து மதிப்பு வந்து சேரக்கூடிய பண்பு அது. எந்த மதிப்பு எதை வெல்லும் என்று ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. அனிமேஷன் மேலே, நேரடியாக எழுதிய மதிப்பு அதற்குக் கீழே, ஸ்டைலில் இருக்கும் ட்ரிக்கர் இன்னும் கீழே. அந்த வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். எதற்காக என்று பயிற்சிப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரு வரி கூட இருக்காது. டெக்ஸ்ட்பிளாக்கில் எழுத்தின் நிறத்தைக் கறுப்பு என்று நேரடியாக எழுதிவிட்டு, தொகை மைனஸில் போனால் சிவப்பாக மாற வேண்டும் என்று ஸ்டைலில் ட்ரிக்கர் போட்டால், அது எந்தக் காலத்திலும் சிவப்பாகாது. நேரடி மதிப்பு ட்ரிக்கரை அமுக்கிவிடும். கறுப்பையும் ஸ்டைலுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தால் சரியாகிவிடும். இந்த ஒரு தகராறை முதலில் காட்டிவிட்டு அப்புறம் வரிசையைச் சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் வாழ்நாளில் மறக்காது. அதை விட்டுவிட்டு எல்லாப் படிகளையும் வரிசையாக ஒப்பி என்றால், தேர்வு முடிந்த வாரத்தில் மறந்துபோகும். மறந்துதான் போகிறது.

த்ரெட் பகுதிக்கு, அதாவது ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓடவிடும் பகுதிக்கு வந்தால் இன்னும் மோசம். திரை உறையாமல் நீண்ட வேலையைப் பின்னணியில் ஓட்டும் பழைய வழியான பேக்கிரவுண்ட்வொர்க்கரைப் பயிற்சிப் புத்தகங்கள் இன்றைக்கும் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. அது 2005-இல் மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட் 2.0-உடன் வந்தது. அதே வேலையை எளிதாக்கும் அசிங்க், அவெய்ட் இரண்டும் 2012-இல் சி ஷார்ப் மொழியின் 5-ஆம் பதிப்புடன் வந்துவிட்டன. இன்று புதிதாக எழுதப்படும் நிரலில் பேக்கிரவுண்ட்வொர்க்கரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பழைய நிரலைப் பராமரிக்க அது தெரிந்திருக்க வேண்டும், சரி. ஆனால் அவெய்ட்டைப் பற்றி ஓரிரண்டு பத்தி எழுதிவிட்டு, பேக்கிரவுண்ட்வொர்க்கரின் ஒவ்வொரு ஈவன்டுக்கும் பெயர் கேட்பது எந்த வகையில் நியாயம்?

புதிதாக வருகிறவர்கள் உண்மையில் சிக்கித் தவிக்கிற இடம் வேறு. திரையை இயக்கும் யுஐ த்ரெடில் நின்றுகொண்டு, ஓர் அசிங்க் வேலையின் முடிவை ரிசல்ட் என்று நேரடியாகக் கேட்பார்கள். யுஐ த்ரெட் அந்த முடிவுக்காகக் காத்துக் கிடக்கும். உள்ளே இருக்கும் அவெய்ட்டோ, மீதி வேலையை முடிக்க அதே யுஐ த்ரெட் தனக்குக் கிடைக்கும் என்று காத்துக் கிடக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே நிற்க, சாளரம் உறைந்துபோகும். இதே நிரல் சாளரம் இல்லாத கன்சோல் புரோகிராமில் ஒழுங்காக ஓடும், அதனால் சந்தேகமே வராது. நான் பார்த்த மாதிரித் தேர்வுகள் ஒன்றில்கூட இதைப் பற்றிக் கேள்வி இல்லை. யுஐ த்ரெடுக்கு வேலையை அனுப்பும் டிஸ்பேட்சரில் இன்வோக்கா பிகின்இன்வோக்கா என்று மட்டும் கேட்கிறார்கள். அதுவும் எப்போது எதைப் பயன்படுத்துவது என்று இல்லை. எது காத்திருக்காமல் திரும்பும் என்ற ஒரு வரி.

கேட்கப்படாமலே போகிறவை இன்னும் இருக்கின்றன. டெஸ்க்டாப் மென்பொருளின் பாடு எல்லாம் அடுத்தவர் கணினியில்தான் தொடங்குகிறது. ஒரு திரையின் காட்சி அளவு 100 விழுக்காட்டில், பக்கத்துத் திரையின் அளவு 150 விழுக்காட்டில் இருக்கும். சாளரத்தை இங்கிருந்து அங்கே இழுத்தால் எழுத்தெல்லாம் மங்கலாகும். ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக அளவு மாறும் வசதி டபிள்யூபிஎஃப்-க்கு 2016-இல் டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.6.2-இல்தான் வந்தது. புரோகிராமின் தேவைகளை விண்டோஸுக்குச் சொல்லும் அப்ளிகேஷன் மேனிஃபெஸ்ட் கோப்பில் அதை அறிவிக்க வேண்டும் என்பதை எந்தப் பாடமும் அழுத்திச் சொல்வதில்லை. படம் மட்டும் இருக்கும் பொத்தானுக்கு ஆட்டோமேஷன் பெயர் கொடுக்காவிட்டால், பார்வையற்ற ஒருவரின் ஸ்கிரீன் ரீடர் வெறுமனே பட்டன், பட்டன் என்றுதான் படிக்கும். நீக்கு எது, சேமி எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு மனிதர் தன் வேலையைச் செய்ய முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கிற விஷயம் இது. மாதிரித் தேர்வில் இதற்கு இடமில்லை. இல்லாத பைண்டிங் மோடுகளுக்கு மட்டும் இடம் இருக்கிறது.

நிறுவுவதைப் பற்றிய பகுதி பழைய காலத்திலேயே உறைந்து கிடக்கிறது. நிறுவும் கோப்பைத் தயாரிக்க விஷுவல் ஸ்டூடியோ 2010-இல் இருந்த செட்டப் புராஜெக்ட் 2012 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது. பிறகு தனி எக்ஸ்டென்ஷனாகத் திரும்பி வந்தது. பயிற்சிப் புத்தகமோ அது எப்போதும் உள்ளேயே இருந்ததுபோல மெனுவை வரிசையாகச் சொல்கிறது. அந்த மெனுவைத் தேடிக் களைத்த பிறகுதான் புத்தகம் தவறு என்று தெரியவருகிறது. நிரலுக்குக் கையொப்பமிடாவிட்டால் விண்டோஸ் அதை நம்பாமல் எச்சரிக்கை காட்டும். கையொப்பத்துக்கான சாவியை 2023 ஜூன் முதல் பாதுகாப்பான வன்பொருளில்தான் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. இன்று டெஸ்க்டாப் மென்பொருளை வெளியே அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் இது தலைவலி. புத்தகத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது டம்ப் விஷயத்துக்கு வருகிறேன். என்னை அதிகம் கொதிக்க வைப்பது இதுதான்.

இந்தத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். என்ன படிக்கிறீர்கள், எங்கே புரியவில்லை என்று கேட்பவர் அரிது. டம்ப் கிடைத்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. தேர்வில் வந்த கேள்விகளை நினைவில் வைத்து வந்து எழுதி, தொகுத்து, விற்கிறார்கள். கேள்விகளை வெளியிட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் ஒவ்வொருவரும் தேர்வறைக்குள் போகிறார்கள். அந்த ஒப்புதலுக்கு ஒரு மரியாதையும் இல்லை. அது போகட்டும், அந்த டம்பில் இருக்கும் விடைகளாவது சரியா? தவறான விடைகள் மலிந்து கிடக்கின்றன. தவறான விடையை மனப்பாடம் செய்து, தவறாகவே டிக் செய்து, மீதி மதிப்பெண்ணில் தேறி வெளியே வருகிறார்கள். சாளரத்தைவிட நீண்ட நேரம் நினைவகத்தில் இருக்கும் ஒன்றின் ஈவன்டில் ஹேண்ட்லரைச் சேர்த்துவிட்டு, சாளரத்தை மூடும்போது எடுக்காமல் விட்டால் நினைவகம் கசியும் என்பதை உட்கார்ந்து, எழுதிப் பார்த்து, மெமரி புரொஃபைலரில் சரிபார்த்துக் கற்றவருக்கும், விடை இ என்று மட்டும் தெரிந்தவருக்கும் ஒரே சான்றிதழ்.

இதற்குக் காரணம் படிப்பவர்களின் சோம்பேறித்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். நான் ஏற்கவே மாட்டேன். பெயரை மட்டும் கேட்கும் கேள்வியைத்தான் டம்பாக்க முடியும். ஓடாத ஒரு புரோகிராமைக் கொடுத்து இதை ஓட வை என்றால், தரவையும் தவறையும் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் மாற்றி வைத்தால், எந்த டம்பும் உதவாது. கேள்வியை மலிவாகத் தயாரிப்பவர்கள்தான் திருட்டையும் எளிதாக்குகிறார்கள்.

டம்ப் பெருகப் பெருக, சான்றிதழை நிறுவனங்கள் நம்புவதில்லை. ஆனால் விண்ணப்பத்தை வடிகட்டும்போது மட்டும் கேட்கிறார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் உள்ளேயே விடுவதில்லை. இருந்தாலோ, அதை ஒரு பொருட்டாக எடுக்காமல் மறுபடியும் முதலிலிருந்து கேள்வி. அப்படியானால் மாலையெல்லாம் உட்கார்ந்து இதற்காகப் படித்தது யாருக்காக?

சரி, மென்பொருளைத் தயாரித்தவர்களே நடத்தும் தேர்வை எழுதலாம் என்றால் அந்த வழியும் அடைந்துவிட்டது. முன்பு மைக்ரோசாஃப்டின் 70-511 தேர்வு இருந்தது. டாட்நெட் 4-ஐ அடிப்படையாகக் கொண்டு டபிள்யூபிஎஃப், அதற்கு முந்தைய திரைக்கருவியான விண்டோஸ் ஃபார்ம்ஸ் இரண்டையும் சோதித்தது. அந்த வரிசை முடிந்தது. பிறகு வந்த எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்டி, எம்சிஎஸ்இ சான்றிதழ்களுக்கான தேர்வுகளும் 2021 ஜனவரி 31-உடன் ஓய்வு பெற்றன. இப்போது அங்கே இருப்பவை பெரும்பாலும் கிளவுடைச் சுற்றியவை. டெஸ்க்டாப் தொழில்நுட்பமே செத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. டபிள்யூபிஎஃப், விண்டோஸ் ஃபார்ம்ஸ் இரண்டின் மூலநிரலையும் 2018 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். 2019 செப்டம்பரில் டாட்நெட் கோர் 3.0-இல் இரண்டும் வந்தன. இன்றும் புதிய பதிப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. தொழில்நுட்பம் உயிரோடு இருக்கிறது, வேலை இருக்கிறது, அந்த வேலைக்கு மதிப்பான ஒரு தேர்வு மட்டும் இல்லை. மைக்ரோசாஃப்ட் விலகிய பிறகு மீதி இருப்பவர்கள் நடத்துவதுதான் இந்தப் பெயர் ஒப்பித்தல்.

மாற்ற முடியாத விஷயம் இல்லை இது. 2023-இல் மைக்ரோசாஃப்ட் தன் பணிசார்ந்த தேர்வுகளில், தேர்வு நடக்கும்போதே தன்னுடைய ஆவணங்களைத் திறந்து பார்க்க அனுமதித்தது. கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் பார்க்கலாம். பெயரை நினைவில் வைப்பது திறமை ஆகாது என்று அவர்களுக்கே தெரிகிறது. டெஸ்க்டாப் தேர்வை நடத்துகிறவர்களுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? ஆவணத்தைக் கையில் கொடுங்கள். விஷுவல் ஸ்டூடியோவைத் திறந்து கொடுங்கள். உறையும் சாளரம், கசியும் நினைவகம், சேமிக்காத கடைசிப் பெட்டி எல்லாம் உள்ள ஒரு சிறிய புரோகிராமைக் கொடுங்கள். அதைச் சரிசெய்கிறவருக்குச் சான்றிதழ் கொடுங்கள், நான் கைதட்டி வாங்கிக்கொள்கிறேன்.

அதுவரைக்கும் குறைந்தபட்சம் முடிவு அறிக்கையையாவது ஒழுங்காகக் கொடுங்கள். தேர்வு முடிந்ததும் ஒரு மொத்த எண்ணும், பகுதிவாரியாக நாலைந்து பட்டைகளும் வருகின்றன. எந்தக் கேள்வி தவறு, எதைத் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று ஒன்றும் தெரியாது. தோற்றவர் அடுத்த முறைக்கு எதைப் படிப்பார்? தேறியவர் நிலை அதைவிட மோசம். டிஸ்பேட்சரைப் பற்றி அவர் தலையில் ஒரு தவறான எண்ணம் இருந்தால், அது தவறு என்று யாரும் சொல்லாமலே சான்றிதழோடு வேலைக்குப் போய்விடுகிறார். அந்தத் தவறு நேராக ஒரு மருத்துவமனையின் பதிவு மென்பொருளிலோ, ஒரு கிடங்கின் இருப்புக் கணக்கிலோ போய் உட்காரும். திரை உறைந்து நிற்கும்போது அதன் முன்னால் காத்திருப்பவருக்கு, இந்த நிரலை எழுதியவர் அந்தக் கேள்வியைத் தவறாக எழுதியவர் என்று தெரியவே போவதில்லை. எழுதியவருக்கே தெரியாது. தேர்வை நடத்தியவர்களிடம் மட்டும் அந்த விவரம் இருக்கிறது, அதை அவர்கள் பூட்டி வைத்திருக்கிறார்கள்.