24 மணித்தியாலக் கெடு என்று ஒன்று இல்லை

யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண் 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸுக்குப் போகாவிட்டால் முறைப்பாட்டை ஏற்கமாட்டார்கள், உடலில் காயம் இருக்க வேண்டும், பெயரும் பத்திரிகையில் வந்துவிடும் என்கிறது அது. மூன்றுமே பிழை.

அப்படியொரு கெடு சட்டத்தில் இல்லை. சீக்கிரம் போனால் மருத்துவச் சான்றுகள் கிடைப்பது எளிது, அவ்வளவுதான். உடுத்திருந்த உடுப்பைக் கழுவாமல் காகிதப் பையில் எடுத்துச் செல்வது நல்லது. கழுவிவிட்டீர்களா? பரவாயில்லை, அப்போதும் முறையிடலாம். முதலில் போதனா வைத்தியசாலைக்கும் போகலாம். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பதற்குப் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் வேண்டும்.

காயம் பற்றிய பேச்சுத்தான் அதிகம் கெடுதல் செய்கிறது. பயத்தில் உறைந்துபோனவர் எதிர்த்துப் போராடியிருக்க மாட்டார். அதனால்தான், சம்மதமின்மையை நிரூபிக்க உடற்காயம் அவசியமில்லை என்று தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவே விளக்குகிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது 365இ பிரிவின்படி குற்றம். முகநூலில் பெயர் போடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பொலிஸில் சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். மிரட்டல் வந்தால், குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் அளிக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கோரலாம். நாடாளுமன்ற இணையதளத்தில் அந்தச் சட்டத்தைப் பார்க்கலாம். பெண்களுக்கான உதவி எண் 1938, சிறுவர்களுக்கு 1929.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.