20 விழுந்தது சரிங்க, ஒளிய இடம் எங்கே?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து ஆடும் பகடை ஆட்டத்தின் டேபிளில் ஸ்டெல்த், அதாவது ஒளிந்து நகர்வது, வந்தாலே வாக்குவாதம்தான். ரோக் (பதுங்கிப் போகும் திருடன் பாத்திரம்) ஆடுபவர் இருபது முகப் பகடையை உருட்டுகிறார், 20 விழுகிறது, போனஸோடு 27. "காவலாளி முன்னாடியே நடந்து போறேன், அவனுக்குத் தெரியாது" என்கிறார். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) முடியாது என்கிறார். "அப்புறம் எதுக்குங்ண்ணா உருட்டச் சொன்னீங்க?"

கேள்வி நியாயமானது. உருட்டச் சொன்னதே தப்பு. ஒளிய முடியுமா என்பதை இடம் முடிவு செய்யும். எவ்வளவு நன்றாக ஒளிந்தார் என்பதை மட்டும்தான் பகடை சொல்லும். இடமே இல்லாதபோது பகடையைக் கையில் எடுக்க விட்டால், அந்த 27-ஐ என்ன செய்வது என்று பிறகு முழிக்க வேண்டியதுதான்.

நம்ம மலையையே மேப்பாக வைத்துப் பார்ப்போம். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம். சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காபிச் செடிகள், சாயங்காலப் பனி. நடுவில் பழைய பங்களா, வாசலில் ஒரு காவலாளி.

2014 விதிப்படி மறைப்பு இரண்டு வகை. மெல்லிய பனி, அரையிருட்டு, சுமாரான செடிகொடி இவையெல்லாம் லேசான மறைப்பு. இதில் கண்ணால் தேடுபவருக்கு டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிச் சின்னதை எடுக்க வேண்டும். கும்மிருட்டு, அடர்ந்த பனி, அடர்ந்த புதர் எல்லாம் முழு மறைப்பு. அதற்குள் பார்ப்பவர் குருடருக்குச் சமம். உங்களைத் தெளிவாகப் பார்க்கிறவரிடமிருந்து ஒளிய முடியாது என்பதுதான் அடிப்படை. லேசான மறைப்பு மட்டும் இருந்தால் பொதுவாகப் போதாது. செடி, மழை, பனி என்றால் வுட் எல்ஃப் என்ற காட்டு இனத்தவருக்கு அது போதும். மற்றவர்கள் மரத்துக்குப் பின்னாலோ செடிக்குள் குனிந்தோ போயாக வேண்டும்.

டார்க்விஷன் (இருட்டில் பார்க்கும் திறன்) இருக்கிறவனுக்கு இருட்டில் எல்லாம் தெரியும் என்று பாதி டேபிள்கள் ஆடுகின்றன. அப்படி இல்லை. 60 அடிக்குள் கும்மிருட்டு அவனுக்கு அரையிருட்டு மாதிரித் தெரியும், அவ்வளவுதான். அரையிருட்டு என்றால் லேசான மறைப்பு, தேடுவதில் டிஸ்அட்வான்டேஜ் அவனுக்கும் உண்டு. கோப்ளின் குகையில் தீவட்டி இல்லாமல் நுழைகிற குழு இதை மறந்துதான் பொறியில் மாட்டுகிறது.

இனி கணக்கு. சாதாரணக் காவலாளியின் பாசிவ் பெர்செப்ஷன் (உருட்டாமலே கவனிக்கும் திறன், ஒளிபவர் எட்ட வேண்டிய எண்) 12. முதல் லெவல் ரோக், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 16, ஸ்டெல்த்தில் எக்ஸ்பர்டீஸ் (இரட்டிப்புத் தேர்ச்சி) என்றால் போனஸ் +7. பகடையில் 5 விழுந்தால் போதும், வாய்ப்பு 80 சதவீதம். கூடவே பிளேட் கவசம் போட்ட பாலடின் (புனித வீரர்) வருகிறார். அவருக்குப் போனஸ் 0, கவசத்தால் டிஸ்அட்வான்டேஜ். இரண்டு பகடையிலும் 12-க்குக் குறையக் கூடாது, சுமார் 20 சதவீதம். பனி இறங்கியதும் டிஸ்அட்வான்டேஜால் காவலாளியின் பாசிவ் 5 குறைந்து 7 ஆகிறது. பாலடினின் வாய்ப்பு 49-க்கு ஏறுகிறது. ரோக் உருட்டவே தேவையில்லை.

ஆனால் அந்த 5 கண்ணுக்கு மட்டும்தான் குறையும், காதுக்கு இல்லை. சேலத்துக் கொலுசு போட்டுக்கொண்டு பனிக்குள் நடந்தால் ஆள் தெரியாது, ஆனால் எங்கே போகிறார் என்று தெரியும். பிளேட் கவசமும் அப்படித்தான், காலடியில் நொறுங்கும் காய்ந்த ஓக் இலையும் அப்படித்தான். எனவே காவலாளி கண்டுபிடிப்பது கண்ணாலா காதாலா என்று டிஎம் முதலில் சொல்லிவிட வேண்டும். டிஎம் திரையில் இதற்கு ஓர் அளவும் உண்டு: சத்தம் வராமல் நடக்க முயன்றால் இரண்டு ஆறுமுகப் பகடையின் கூட்டலை 5-ஆல் பெருக்கினால் வருகிற அடி தூரம் கேட்கும். சராசரியாக 35 அடி. வழக்கமான சத்தத்துக்கு 10-ஆல் பெருக்க வேண்டும். மறுபக்கமும் உண்டு. அம்மாபேட்டையில் தறி ஓடுகிற தெரு என்றால் கவசம் என்ன, கடப்பாரை விழுந்தாலும் கேட்காது. அங்கே காதை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் பாருங்கள்.

பெரும்பாலான டிஎம்கள் அறியாமல் செய்கிற அநியாயம் ஒன்று உண்டு. கேட்டில் ஒரு ரோல், தோட்டத்தில் ஒன்று, வராந்தாவில் ஒன்று. 80 சதவீத வாய்ப்புள்ள ரோக் மூன்று முறையும் தப்ப வாய்ப்பு 51 தான். ஐந்து முறை உருட்டச் சொன்னால் 33. திறமைசாலியைப் பிடித்துக் கொடுப்பது காவலாளி இல்லை, நம்ம டிஎம்தான். ஒரு முறை உருட்டினால் சூழ்நிலை மாறும்வரை அந்த எண் நிற்கட்டும். விளக்கு அணைந்தது, நாய் குரைத்தது, யாரோ ஓடினார்கள் என்றால் மட்டும் மறு ரோல்.

குழுவாகப் போனாலும் இதே கதைதான். ஐந்து பேர், ஆளுக்கு 60 சதவீதம் என்று வையுங்கள். எல்லோரும் தேற வேண்டும் என்றால் வாய்ப்பு 8 சதவீதம்கூட இல்லை. குழு ரோல் விதிப்படி பாதிப் பேர் தேறினால் குழு தேறிவிடும், அப்போது 68. பாலடினை வாசலிலேயே விட்டுப் போகிற பழக்கம் இந்த விதியை எடுத்தால் தானாக நின்றுவிடும். மந்திரம் தெரிந்த டிரூயிட்டோ ரேஞ்சரோ குழுவில் இருந்தால் பாஸ் விதௌட் ட்ரேஸ் போடச் சொல்லுங்கள். இரண்டாம் நிலை மந்திரம், 30 அடிக்குள் இருப்பவர்களுக்கு ஸ்டெல்த்தில் +10, கவனம் சிதறாவிட்டால் ஒரு மணி நேரம். பனி இல்லாத இரவிலும் அதே பாலடின் 90-ஐத் தொடுவார். இந்த மந்திரம் கொஞ்சம் ஓவர் என்றுதான் சொல்வேன், ஆனால் விதியில் இருக்கிறது.

2024 விதியில் சில விஷயம் தெளிவானது. முழு மறைப்பிலோ முக்கால் பங்கு மறைக்கிற தடுப்புக்குப் பின்னாலோ, எதிரி பார்வைக்கு வெளியே இருக்க வேண்டும். 15 எடுக்க வேண்டும். எடுத்த மொத்தம்தான் உங்களைத் தேடுபவருக்கு இலக்கு. நல்ல ஏற்பாடு. கெடுத்தது பெயர்தான்: ஒளிந்தவருக்கு 'இன்விசிபிள்' (கண்ணுக்குத் தெரியாத) நிலை கிடைக்கிறது என்று எழுதிவிட்டார்கள். உடனே முதல் பத்தியில் பார்த்த ரோக் எழுந்து வந்துவிடுகிறார். என் டேபிள் தீர்ப்பு: பட்டவர்த்தனமாக வெளியே வந்து நின்றால் எதிரி கண்டுபிடித்துவிட்டான், ரோல் கிடையாது. பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு இதை அழகாகப் பிரித்திருக்கிறது. மேப்பில் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று எதிரிக்குத் தெரிந்து, கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது ஒரு நிலை, அடிக்க வந்தால் பகடையில் 11 விழ வேண்டும். இடமே தெரியாதது வேறு. நீங்கள் இருப்பதே தெரியாதது அதற்கும் மேல்.

கடைசியாக, ரோக்கை ஒரே மரத்துக்குப் பின்னால் திரும்பத் திரும்ப ஒளிய விடாத டிஎம்களுக்கு. ஸ்னீக் அட்டாக் (எதிரி அசந்த நேரத்தில் ரோக் கொடுக்கும் கூடுதல் சேதம்) அநியாய பலம் என்று நினைத்துத்தானே தடுக்கிறீர்கள்? ஐந்தாம் லெவலில் அது சராசரி 10.5 தான், டர்னுக்கு ஒரு முறைதான். அதே லெவலில் ஃபைட்டர் (போர்வீரர்) இரண்டு முறை தாக்கலாம். பெயரில் 'ஸ்னீக்' இருந்தாலும் ஒளியாமலே கிடைக்கும்: எதிரிக்கு 5 அடிக்குள் நம்ம ஆள் ஒருவர் நின்றால் போதும். எந்த மரம் என்று எதிரிக்குத் தெரியும் அல்லவா? அவன் நடந்து போய் மரத்தைச் சுற்றிப் பார்க்கட்டும், இல்லை அம்பைப் பூட்டித் தயாராக நிற்கட்டும். ரோக் அடுத்த மரத்துக்கு ஓடுவார்.