மணிக்கு 18 கிலோமீட்டரில் எந்தக் கார் சுகம்?

முதலிலேயே என் ஓட்டைச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் ஓட்டுவதற்கு, அதுவும் வீட்டில் இரண்டாவது காராக வைத்துக்கொள்வதற்கு, ஃபோர்டு மஸ்டாங் ஜிடியா மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி 43 கூபேயா (கூபே என்றால் இரண்டு கதவுக் கார்) என்று கேட்டால் மஸ்டாங்தான்.

கேட்டவன் என் சித்தப்பா மகன். ஒயிட்ஃபீல்டில் வேலை. கம்பெனி கொடுத்த பங்கு காசாகிவிட்டது, வீட்டுக் கடன் முடிந்தது, குடும்பத்துக்கு இன்னோவா ஏற்கெனவே இருக்கிறது. "அண்ணா, நாற்பது ஆகறதுக்குள்ள ஒரு ரெண்டு கதவு வண்டி வச்சுப் பாத்திரணும்" என்கிறான். அவன் பார்த்து வைத்திருப்பது இரண்டுமே செகண்ட் ஹேண்ட், சொல்கிற விலையும் ஏறக்குறைய ஒன்று. அவனுடைய நண்பர்கள் மொத்தமும் மெர்சிடிஸ் பக்கம். நான் ஒருத்தன்தான் எதிர்க்கட்சி. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக வாதாடியதை இங்கே கோர்வையாக எழுதி வைக்கிறேன். இதே குழப்பத்தில் வேறு யாராவது இருக்கலாம்.

எண்களை வைத்து முடிவெடுக்க முடியாது, ஏனென்றால் எண்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. 2016 ஜூலையில் மஸ்டாங் இங்கே வந்தபோது 5 லிட்டர் வி8 (வி வடிவில் பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்), 401 பிஎஸ் (குதிரைசக்தி), 515 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை), ஷோரூம் விலை 65 லட்சம். சி 43 கூபே 2019ல் 75 லட்சத்துக்கு வந்தது. 3 லிட்டர் வி6, இரண்டு டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற சக்கரம்), 390 பிஎஸ், 520 நியூட்டன் மீட்டர். சிக்னலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், பச்சை விழுந்ததும் மெர்சிடிஸ்தான் முன்னால் போகும். நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிற வண்டி, டர்போவும் குறைந்த சுற்றிலேயே முழு இழுவையைக் கொடுத்துவிடும். இதை நான் மறுக்கவே இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. மஸ்டாங் அதன் சொந்த ஊரில் ஏழை வீட்டுப் பிள்ளை. 1964 ஏப்ரல் 17ந்தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் அதை இறக்கியபோது ஆரம்ப விலை 2,368 டாலர். அதே 64 மாடலாகத்தான் போன்டியாக் ஜிடிஓவும் வந்தது. நடுத்தரக் காருக்குள் 6.4 லிட்டர் இன்ஜினைத் திணித்து, சம்பளக்காரப் பையன்கள் வாங்குகிற விலைக்கு விற்றார்கள். மஸில் கார் என்பதன் அடிப்படையே அதுதான்: காசு கம்மி, இன்ஜின் பெரிசு, மற்றதெல்லாம் சுமார். சில வருடம் முன்பு வரைகூட அமெரிக்காவில் ஒரு மஸ்டாங் ஜிடி 35,000 டாலரை ஒட்டி ஆரம்பித்தது. சி 43 கூபே 60,000 டாலரை ஒட்டி.

இங்கே அந்த இடைவெளி எங்கே போனது? சுங்க வரிக்குள் போனது. அப்போதைய விதிப்படி, முழுதாக இறக்குமதியாகும் காரின் துறைமுக மதிப்பு (ஷோரூம் விலை அல்ல) 40,000 டாலரைத் தாண்டினாலோ, பெட்ரோல் இன்ஜின் 3000 சிசியைத் தாண்டினாலோ 100 சதவீத வரி, இல்லையென்றால் 60. மஸ்டாங்கின் இன்ஜின் 4951 சிசி, எவ்வளவு மலிவாக அனுப்பினாலும் 100 சதவீதத்திலிருந்து தப்ப வழியில்லை. சி 43 இன்ஜின் 2996 சிசி. நான்கு சிசி குறைவு, அதனால் இன்ஜின் அளவுக் கணக்கில் அது மாட்டாது.

இதனால்தான் அமெரிக்க யூடியூப்காரர்கள் பேசுகிற "கொடுக்கிற காசுக்கு இவ்வளவு குதிரைசக்தி" என்கிற வாதம் நம் ஊரில் எடுபடாது. மெர்சிடிஸ் ஆதரவாளர்கள் சொல்வதில் பாதி நியாயம் இங்கேதான் இருக்கிறது. இதே காசுக்கு மெத்தென்ற தோல், கையில் உறுத்தாத பிளாஸ்டிக், கதவைச் சாத்தினால் கேட்கிற கனமான சத்தம் எல்லாம் அங்கே கிடைக்கிறது. மஸ்டாங்கின் டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்தால் அது 35,000 டாலர் கார் என்பது விரலுக்கே தெரியும்.

சரி, அப்புறம் ஏன் மஸ்டாங்?

டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி பெங்களூரில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் ஆகிறது. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 18 கிலோமீட்டர்கூட வரவில்லை. அதுவும் சராசரிதான். மாலை ஆறரைக்கு மாரத்தஹள்ளி பாலத்துக்குக் கீழே நிற்பவனுக்கு இந்த 18 பேராசை. நகரத்தை விட்டு வெளியே போகலாம் என்றால் மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் 100 கிலோமீட்டர் வரம்பு, தலைக்கு மேல் கேமரா. கர்நாடகத்தில் 130ஐத் தாண்டினால் எஃப்ஐஆர் போடுவோம் என்று 2024லிருந்து போலீஸ் சொல்லிவிட்டது, அதுவும் சரிதான். நந்தி மலைக்குப் போகலாம் என்றால் ஞாயிறு விடியற்காலையில் பாதி பெங்களூர் அங்கேதான் இருக்கிறது.

ஏஎம்ஜி கூபேயின் திறமையெல்லாம் வேகத்தில்தான் தெரியும். 120ல் வளைவில் திரும்பும்போது சாலையைக் கவ்விப் பிடிப்பது, 150லிருந்து பிரேக் போட்டாலும் கோடு மாறாமல் நிற்பது. இதையெல்லாம் அனுபவிக்க நல்ல இடம் சென்னைக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்தான். இங்கிருந்து போய்வர ஒரு நாள் போய்விடும், வருஷத்தில் எத்தனை தடவை போவான்? மற்ற நாளெல்லாம் அவுட்டர் ரிங் ரோட்டில் அது இன்னொரு சி கிளாஸ். அமைதியாக, குளுகுளுவென்று, முன்னால் நிற்கிற பிஎம்டிசி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

வி8 அப்படி இல்லை. அது நின்ற இடத்திலேயே கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடும். மஸ்டாங் இன்ஜினில் கிராங்க்ஷாஃப்டின் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) நான்கு முட்டிகளும் கூட்டல் குறி வடிவில் 90 டிகிரி தள்ளித் தள்ளி இருக்கும். எட்டு சிலிண்டரும் சேர்ந்து சீராகத்தான் வெடிக்கின்றன. ஆனால் ஒரு பக்கத்து நான்கை மட்டும் தனியாகப் பார்த்தால் வரிசை கோணல்: சில சமயம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு வெடிக்கும், அப்புறம் ஒரு இடைவெளி. அந்தப் பக்கத்துச் சைலன்சர் குழாயில் புகை கும்பலாக ஒருமுறை, விட்டு ஒருமுறை வருகிறது. நாம் கேட்கிற அந்தக் குடகுடப்பு அதுதான். பழைய புல்லட்டை ஐடிலில் விட்டுக் கேட்டு ரசித்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம், அந்த ஆசையின் பெரியண்ணன் இது. டர்போ இன்ஜினில் புகை முதலில் டர்போவின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வருவதால் பாதிச் சத்தம் அங்கேயே செத்துவிடும்.

காலைப் பாதி அங்குலம் அழுத்தினால் சீட்டின் முதுகில் அதிர்வு தெரியும். முன்னால் நீளமான பானெட், அதில் இரண்டு பக்கமும் மேடு, அதைத் தாண்டித்தான் சாலை. மணிக்கு 20 கிலோமீட்டரில் இவ்வளவும் கிடைக்கிறது. சட்டத்தை மீறாமல், யாரையும் முந்தாமல், சிக்னலில் நின்றபடியே அனுபவிக்கக் கூடிய 400 குதிரைசக்தி வேறு எதில் இருக்கிறது என்று சொல்லுங்கள், நான் மாறிக்கொள்கிறேன்.

இப்போது என் கட்சிக்கு எதிரான சாட்சிகள். மறைத்துப் பேசினால் தம்பிக்குத்தான் நஷ்டம்.

பெரிய சாட்சி யூரோ என்கேப், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று கொடுக்கிற ஐரோப்பிய அமைப்பு. 2017 ஜனவரியில் மஸ்டாங்குக்கு அவர்கள் கொடுத்தது இரண்டே நட்சத்திரம். முன்பக்க மோதலில் ஏர்பேக் போதுமான அளவு விரியவில்லை, பின் சீட்டில் இருந்த பொம்மை பெல்ட்டுக்கு அடியில் நழுவியது. பக்கவாட்டுச் சோதனையில் பத்து வயதுக் குழந்தை பொம்மையின் தலை உள்பக்கச் சுவரில் இடித்தது. சி கிளாஸ் 2014லேயே ஐந்து நட்சத்திரம். தம்பிக்கு ஆறு வயதுப் பையன். ஆகவே ஒரே நிபந்தனை வைத்தேன்: பையன் இன்னோவாவில் மட்டும்தான். ஒரே கார்தான் வீட்டில் என்றால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன், பேசாமல் மெர்சிடிஸ் வாங்கச் சொல்லியிருப்பேன். அதிலும் கூபே வேண்டாம், அதே சி 43ஐ நான்கு கதவில் தேடு என்று சொல்லியிருப்பேன்.

ஏன் கூபே வேண்டாம் என்பதை சித்தி நிரூபித்துவிட்டார். மெர்சிடிஸைப் பார்க்கப் போன அன்று அவரும் வந்திருந்தார். விற்பனைப் பையன் மரியாதையாக முன் சீட்டை மடக்கி, "உட்காருங்க மேடம்" என்றான். சித்தி முதலில் தலையை விட்டார், அப்புறம் ஒரு காலை விட்டார், மற்றொரு காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவையைப் பிடித்தபடி பாதியில் நின்றார். எப்படியோ உட்கார்ந்துவிட்டார். இறங்குவதற்கு நானும் தம்பியும் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்ததும் கேட்டார்: "முக்கா கோடி ரூபா வண்டியில பின்கதவு வைக்க மறந்துட்டானாடா?" சொகுசு என்கிற வார்த்தையை அன்றைக்கு அதற்கு மேல் யாரும் எடுக்கவில்லை. மஸ்டாங்கின் பின் சீட்டும் இதே லட்சணம்தான், ஆனால் அது தன்னைச் சொகுசுக் கார் என்று சொல்லிக்கொள்வதில்லை.

அடுத்தது அகலம். மஸ்டாங் 1916 மில்லிமீட்டர், சி கிளாஸ் கூபே 1810. பார்க்கிங்கில் கட்டம் பெரும்பாலும் இரண்டரை மீட்டர். நட்டநடுவில் நிறுத்தினாலும் மஸ்டாங்குக்குப் பக்கத்துக்கு 29 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். கதவோ ரொம்ப நீளம். பக்கத்துக் கட்டத்துக்காரர் கோட்டை மிதித்து நிறுத்துகிற ஆளாக இருந்தால், வண்டி உள்ளே போகும், நீங்கள் வெளியே வர முடியாது. தம்பியுடைய கட்டம் தூண் ஓரம். டேப் எடுத்து அளந்துவிட்டுப் பேசு என்று சொல்லியிருக்கிறேன்.

வேடிக்கை பார்க்கிறவர்கள் தொல்லையும் உண்டு. இந்திரா நகர் 100 அடி ரோட்டில் மஸ்டாங் போனால் ஸ்கூட்டர் பையன்கள் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு பம்பரை ஒட்டியே வருவார்கள். பிரேக் போடவே பயமாக இருக்கும். மெர்சிடிஸை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூச்ச சுபாவிகளுக்கு இது ஒரு நல்ல காரணம்.

ஃபோர்டே இந்தியாவில் இல்லையே என்கிறார்கள். 2021 செப்டம்பரில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள், மறைமலை நகரில் 2022ல் கடைசி வண்டியும் இறங்கிவிட்டது. ஆனால் மஸ்டாங் எந்தக் காலத்திலும் மறைமலை நகரில் செய்த வண்டி இல்லை, மிச்சிகனிலுள்ள ஃபிளாட் ராக்கிலிருந்து கப்பலில் வந்தது. பெரிய பாகம் அன்றைக்கும் கப்பல்தான், இன்றைக்கும் கப்பல்தான். டர்போ இல்லாத பெரிய இன்ஜின் என்பதால் உள்ளூர் மெக்கானிக் கொஞ்சமாவது தைரியமாகக் கை வைப்பார். மெர்சிடிஸில் ஒரு விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டரைச் செருகாமல் பேச்சே இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். இந்த மாதிரி வண்டிகள் ஓடிய தூரம் குறைவாக இருக்கும், அதைப் பார்த்து மயங்காதீர்கள். டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர். போன மாதம் ஒரு டீலரிடம் பார்த்த வண்டியில் டிரெட் புதுசு மாதிரி இருந்தது, எண்ணைப் பார்த்தால் வண்டியோடு பிறந்த டயர். நகத்தால் அழுத்தினேன், கல். 400 குதிரைசக்தியும் பின் சக்கரத்துக்கே போகிற வண்டியில், அக்டோபர் மழையில், அந்த ரப்பரோடு எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறினால் என்ன ஆகும்? புது டயருக்கான காசை விலையில் கழிக்கச் சொன்னால் டீலர் சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டு வந்துவிட்டோம்.

அப்புறம் லிஃப்டில் ஏற்றி அடிவயிற்றைப் பாருங்கள். முன் பம்பருக்குக் கீழேயுள்ள பிளாஸ்டிக் தட்டில் கீறல் இல்லாத மஸ்டாங் பெங்களூரில் கிடையாது, நம் ஸ்பீடு பிரேக்கர்கள் அப்படி. கீறல் இருந்தால் பரவாயில்லை. தட்டே புதுசாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று, இந்த இரண்டு மாடலும் புதிதாக இனி வராது. 2022க்குப் பிறகு வந்த சி 43ல் வி6 இல்லை, 2 லிட்டர் நான்கு சிலிண்டர்தான். அமெரிக்காவில் மஸ்டாங்கின் போட்டி மஸில் கார்களான செவர்லே கமாரோவும் டாட்ஜ் சேலஞ்சரும் 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டன, பழைய கூட்டத்தில் வி8ஓடு மிஞ்சியிருப்பது மஸ்டாங் மட்டும். பத்து வருடம் கழித்து விற்கும்போது எதற்கு ஆள் தேடி வரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மெர்சிடிஸ் கட்சிக்கு இருக்கலாம்.

இப்போது ஓசூரில் ஒரு மஸ்டாங் இருப்பதாகச் சொல்கிறார்கள், தமிழ்நாட்டுப் பதிவு. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தே ஆக வேண்டும். கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், அதன்மேல் செஸ். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும், ஆனாலும் பெரிய தொகைதான். அதையும் கழித்துத்தான் விலை பேசப் போகிறோம். ஓசூரிலோ பொம்மசந்திரா பக்கமோ இந்த ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது, வண்டியை அவரிடமே கொண்டுபோய் நிறுத்திக் காட்டிவிடலாம்.